எழுதிக் கொடுத்தவர்

"உங்க நாவல்ல இப்ப நடக்குற அத்தியாயங்கள்ல யாருமே சாப்பிடறதில்ல, கவனிச்சீங்களா?" என்று கேட்டார் நண்பர். இரண்டாவது வரைவை அவரிடம் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நடையைப் பற்றி ஏதாவது சொல்வார், நீளத்தைக் குறைக்கச் சொல்வார், சித்தப்பா பாத்திரம் இன்னும் துலங்கவில்லை என்பார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுக் காகிதக் கட்டைத் திருப்பித் தந்துவிட்டார். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். எண்பதுகளில் நடக்கும் அத்தியாயங்களில் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு இருக்கிறது, ஆடி மாதக் கூழ் இருக்கிறது, இட்லிக்கு வடகறி இருக்கிறது, ஆயா உருட்டிக் கையில் வைக்கும் கடைசிக் கவளம் வரைக்கும் இருக்கிறது. 2022இல் நடக்கும் அத்தியாயங்களில் மொத்தமே ஒரே ஒரு பேப்பர் கப் டீதான். அதுவும் வக்கீல் அலுவலகத்தில், பாதி குடித்து ஆறவிட்டது.

சரி, அடுத்த வரைவில் நாலு இடத்தில் சாப்பாடு போட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். போட்டும் பார்த்தேன். ஒட்டவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர்களெல்லாம் உடனே பழைய ருசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஆயா கை மணம் இப்போது வருமா என்று கேட்டார்கள். இந்தக் காலத்து மனிதர்களுக்கு நான் வேறு எந்த வேலையும் கொடுத்திருக்கவில்லை. அந்தக் காலத்தை நினைத்து ஏங்குவதற்காக மட்டுமே அவர்கள் நாவலுக்குள் வந்து போனார்கள். நண்பர் கேட்டது சாப்பாட்டைப் பற்றி இல்லை என்று எனக்கு உறைக்க ஏறத்தாழ ஒரு வருடம் ஆயிற்று.

நாவல் என்று சொன்னாலும் அது எங்கள் வீட்டுக் கதைதான். தாத்தா 1957இல், ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்பில் வெல்டராகச் சேர்ந்தவர். நேரு வந்து 1955 அக்டோபர் 2 அன்று தொழிற்சாலையைத் திறந்து வைத்ததைச் சேரும் முன்பே கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்ததாகச் சொல்வார். 1966இல் அயனாவரத்தில் ஒரு கிரவுண்டு மனை வாங்கினார். கையில் காசு சேரச் சேரச் சுவர் எழுப்பினார். கூடத்துக்குச் சிவப்பு ஆக்சைடு தரை, பின்கட்டில் அடிபம்பு, அதன் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி, தெருப்பக்கம் திண்ணை என்று சொல்ல முடியாத ஒரு சின்ன மேடை. காலையில் ஐ.சி.எஃப். சங்கு ஊதினால் தெருவே எழுந்துகொள்ளும். அந்த வீட்டை 2022இல் புரமோட்டரிடம் கொடுப்பதற்காகக் குடும்பம் கூடுகிறது. ஒற்றைப்படை அத்தியாயங்கள் அந்தக் காலம், இரட்டைப்படை அத்தியாயங்கள் இந்தக் காலம். இப்படித்தான் கட்டியிருந்தேன்.

அந்தக் காலத்துக்குத் தேதி கிடையாது

இந்த வகை நாவல்களை நான் ஆசையாகப் படிப்பவன். ஒரு பழைய வீடு, மூன்று தலைமுறை, இடையில் ஒரு மனக்கசப்பு, கடைசியில் எல்லோரும் ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ வந்து சேர்வது. எத்தனை வந்தாலும் படிப்பேன். சென்னையில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களில் பாதிப் பேரிடமாவது இடிக்கப்பட்ட ஒரு வீடு இருக்கும். அதனால் பிரம்புக் கூடையில் ஒரு தாழ்ப்பாளைப் போட்டு வைத்தால்கூட நம் தொண்டை அடைத்துக்கொள்ளும். எனக்கு அடைக்கும். ஆனால் எழுத உட்கார்ந்தபோது அதில் ஒரு சுலபம் இருப்பது தெரிந்தது. அந்தச் சுலபம் எனக்குப் பிடிக்காமல் போயிற்று. என்னுடைய இரட்டைப்படை அத்தியாயங்கள் ஒவ்வொன்றும் யாராவது எதையாவது தொடுவதில்தான் ஆரம்பித்தன. அம்மியைத் தொடுகிறார்கள், மண்ணெண்ணெய் டின்னைத் தொடுகிறார்கள், தாத்தாவின் டிபன் பாக்ஸைத் தொடுகிறார்கள். தொட்டவுடன் பழைய காலம் திறந்துகொள்கிறது. திறந்த பிறகு தொட்டவர் என்ன ஆனார் என்று நான் கவலைப்படவே இல்லை.

'அந்தக் காலத்துல' என்று நாம் சொல்லும்போது அதற்குத் தேதி இருப்பதில்லை. அது 1972ஆகவும் இருக்கலாம், 1988ஆகவும் இருக்கலாம். அப்போது எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பதுதான் அதற்குப் பொருள். இந்தக் காலத்துக்கோ தேதி, கிழமை, ஆதார் எண் எல்லாம் உண்டு. அதனாலேயே இந்தக் காலம் எழுதும்போது வறண்டுபோகிறது என்று நான் நம்பியிருந்தேன். நாவலில் சேர்க்காமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் இல்லாமல் போய், ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கம் எங்களுக்கு அடுத்த ஊர். அன்று அரக்கோணத்திலிருந்து அத்தை போன் செய்தார். "தண்ணி வண்டி இப்பதான்டா எங்க ஊரத் தாண்டிப் போச்சு. பம்புல வந்ததும் ஒரு கொடம் புடிச்சி வெச்சிக்கோ." எவ்வளவு உயிருள்ள பேச்சு! அதை நான் குறித்துக்கூட வைக்கவில்லை. இந்தக் காலம் என்றால் இழப்பு, இடிபாடு, வக்கீல் என்று முன்பே முடிவு செய்துவிட்டதால் அந்தப் பேச்சுக்கு நாவலில் இடம் இல்லாமல் போயிற்று.

படகு

நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது ஏழாவது அத்தியாயம். படித்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஒட்டுமொத்த நாவலில் தேதி போட்ட ஒரே பழைய அத்தியாயமும் அதுதான். 1985 பிப்ரவரி 11, திங்கட்கிழமை. எனக்கு அப்போது ஆறு வயது. தேதி எனக்கு நினைவிருந்து எழுதியது இல்லை. அன்று ஸ்டுடியோவில் எடுத்த ஒரு போட்டோவின் பின்னால் முத்திரையோடு தேதி இருக்கிறது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நான் பக்கத்தில் ஒரு தகரப் படகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அத்தியாயத்தில் நான் எழுதியிருந்தது இது. அரக்கோணத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை முந்தின நாளே வந்துவிட்டார். திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் மட்டம். அம்மா வீட்டில் சமைக்க இருந்துகொள்ள, அப்பா, சித்தப்பா, ஆயா, அத்தை, நான் என்று எல்லோரும் ஒன்றாக வெளியே கிளம்பினோம். திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை. அது முடியட்டும் என்று ஆயா வாசலிலேயே எங்களை நிறுத்தி வைத்தார். அப்புறம் ஒரு பெரிய கூடத்தில் வெகுநேரம் காத்திருந்தோம். உயரமான மின்விசிறி, நீளமான பெஞ்சு, நிறைய ஜனம், மை வாசனை. அதைச் சென்ட்ரல் ஸ்டேஷனின் காத்திருப்புக் கூடம் என்று எழுதியிருந்தேன். பிறகு மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்ப, அத்தை என்னை மட்டும் மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். பழைய புத்தகக் கடைகளைத் தாண்டி, கூண்டில் இருந்த பச்சைக்கிளிகளைத் தாண்டி, ஒரு பொம்மைக் கடையில் அந்தப் படகை வாங்கிக் கொடுத்தார். உள்ளே திரி ஏற்றினால் டுபுடுபுவென்று சத்தம் போட்டுக்கொண்டு தண்ணீரில் ஓடும் படகு. அதற்கு மூன்றரை மாதம் கழித்து, மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அதனால் அந்த நாளுக்கு என் மனதில் ஒரு தனி ஒளி வந்துவிட்டது.

மாலையில் படகு விடத் தண்ணீர் வேண்டும். 1983 வறட்சியைப் பார்த்த வீடு எங்களுடையது. தண்ணீரைக் குடம் கணக்கில்தான் யோசிப்போம். தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் ஆயா முதுகில் ஒன்று வைப்பார். அன்று ஆயாவே தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, "வுடுடா ராசா" என்றார். போதாததற்கு மேலும் ஒரு குடம் ஊற்றினார். திரி எண்ணெய் தண்ணீரில் மிதந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சீக்கிரம் வந்திருந்தார், சித்தப்பா பக்கோடா வாங்கி வந்திருந்தார். "அன்று வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை" என்ற வரியில் அத்தியாயம் முடிந்தது. அதற்குக் கீழே கடைசியாக ஒரு படம்: படகு சுற்றுகிறது, தொட்டியைச் சுற்றி எல்லோரும் நிற்கிறார்கள், அத்தை சிரிக்கிறார்.

இந்த அத்தியாயத்தை ஒரு தீபாவளி அன்று வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினேன். அப்பா அப்போது இல்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பா பாதியிலேயே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நெகிழ்ந்துபோய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

வில்லங்கம்

புரமோட்டரின் வக்கீல் ஒரு பட்டியல் கொடுத்தார். மூலப்பத்திரம், பட்டா, வரி ரசீது, தாத்தாவின் இறப்புச் சான்று, அப்பாவின் வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று. வில்லங்கம் போட்டுப் பார்ப்பது என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். ஒரு சொத்தின் மேல் யார் யாருக்கு என்னென்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை வருடவாரியாகக் காட்டும் காகிதம் அது. தேதி ஒரு கட்டத்தில், ஆவணத்தின் தன்மை ஒரு கட்டத்தில், எழுதிக் கொடுத்தவர் ஒரு கட்டத்தில், எழுதி வாங்கியவர் ஒரு கட்டத்தில். எங்கள் வீட்டுக்கு மொத்தம் நாலைந்து பதிவுகள்தான். வங்கிக்கு அடமானம் வைத்தது, அடமானம் மீட்டது. அவற்றுக்கு மேலே ஒன்று: விடுதலை, அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பது. எழுதிக் கொடுத்தவர்கள் ஆயாவும் அத்தையும். எழுதி வாங்கியவர்கள் அப்பாவும் சித்தப்பாவும். தேதி 11-02-1985.

தேதியை முதலில் நான் கவனிக்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நூர் ஓட்டல் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஏதோ உறுத்தியது. மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தத் தேதியை நான் எத்தனையோ முறை கையால் எழுதியிருக்கிறேன், ஏழாவது அத்தியாயத்தின் தலையில். வந்த பஸ்ஸில் ஏறவில்லை. அதற்கடுத்ததிலும் ஏறவில்லை.

பத்திரத்தின் நகலை மனுப் போட்டு வாங்கினேன். பழைய பத்திரத் தமிழ் எனக்கு எப்போதுமே பிடிக்கும், முற்றுப்புள்ளியே இல்லாமல் போகும். 'எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் என்னவென்றால்' என்று ஆரம்பித்து, தாத்தா சுயார்ஜிதமாகக் கிரையம் பெற்று அனுபவித்து வந்து 1983இல் காலமாகிவிட்டதைச் சொல்லி, இன்று தேதியில் அத்தை ரொக்கம் ரூ.3000 பெற்றுக்கொண்டதைச் சொல்லி, இனிமேல் அவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் இல்லை என்று முடிகிறது. ஒரே வாக்கியம். நேற்று, இன்று, நாளை மூன்றும் அதற்குள் இருக்கின்றன. காலம் மாற்றி மாற்றிக் கதை சொல்ல நான் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டு வருடம் பாடுபட்டிருந்தேன். முகம் தெரியாத ஒரு பத்திர எழுத்தர் அதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். கீழே ஆயாவின் கைநாட்டு. அதற்குப் பக்கத்தில் அத்தையின் கையெழுத்து, எட்டாவது படித்த பெண்ணின் வட்ட வட்டமான எழுத்து.

பெண்களுக்குச் சொத்தில் பங்கு என்பதே தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது என்று நான் நம்பியிருந்தேன். வக்கீல் திருத்தினார். 1989 சட்டத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. ஒருவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்துபோனால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. எங்கள் வீட்டில் நாலு பேர், ஆளுக்குக் கால் பங்கு. ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. அத்தைக்கு 600 சதுர அடி. அதே 1956 சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது, 23ஆவது. ஆண் வாரிசுகள் குடியிருக்கும் வீடாக இருந்தால், அவர்களாகப் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை மகள் பாகம் பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. கல்யாணமாகிப் புருஷன் வீட்டில் வாழ்கிற மகளுக்கு அங்கே தங்கும் உரிமையும் கிடையாது. 2005இல்தான் அந்தப் பிரிவை எடுத்தார்கள். ஆக, அத்தைக்கு அந்த வீட்டில் 600 சதுர அடி சொந்தம், ஆனால் கேட்க வழி இல்லை. கேட்க வழியில்லாத ஒன்றைத்தான் அன்று ராகு காலம் கழித்துப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

எதற்காக? மாடிக்காக. கடன் கொடுக்க வந்தவர்கள் சொத்தில் பெண்களின் பங்கு நிற்கிறதே என்று கேட்டிருக்கிறார்கள். விடுதலை வாங்கிய இரண்டாவது மாதம் அடமானம் பதிவாகியிருக்கிறது. அந்த வருடக் கடைசியில் மாடி வந்துவிட்டது. மொசைக் தரை போட்ட இரண்டு அறைகள். அதில் தெருப்பக்கத்து அறை என்னுடையது. பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தேன். நாவலின் முதல் அத்தியாயத்தையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன். சித்தப்பாவிடம் நேராகவே கேட்டேன். "லோனுக்குக் கேட்டாங்கப்பா. அவளுக்கு எட்டு சவரன் போட்டுத்தான அனுப்பினோம்" என்றார். சிறிது நேரம் கழித்து, "நீ அன்னிக்கு அந்தக் கதையப் படிச்சப்பவே ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

அன்று இரவு ஏழாவது அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் நான் எழுதிய அத்தியாயமாக அது இல்லை. பொம்மை வாங்கப் போகிறவர்கள் ராகு காலம் பார்ப்பார்களா? அதை ஆயாவின் சுபாவம் என்று ரசித்து எழுதியிருந்தேன். வேலை நாளில் அப்பா ஏன் வீட்டில் இருந்தார்? எனக்கு ஏன் பள்ளிக்கூடம் மட்டம்? ரயில் நிலையத்தில் ஏது மை வாசனை? எல்லாத் தடயத்தையும் நானே என் கையால் எழுதி வைத்திருந்தேன். "அன்று வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை" என்ற வரியைப் படித்ததும் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. அது உண்மைதான். யாருக்கும் திட்ட வாய் வந்திருக்காது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அத்தை அதற்குப் பிறகு எத்தனையோ முறை வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறார். ஒரு முறைகூட மாடியில் படுத்ததில்லை. கோடையில் நாங்கள் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே போகும்போது, "கீழதான் எனக்குத் தூக்கம் வரும்" என்று கூடத்திலேயே முந்தானையை விரித்துப் படுத்துக்கொள்வார். முட்டிவலி என்று நாவலில் எழுதியிருந்தேன். 1986இல் அத்தைக்கு வயது முப்பத்தாறு.

அரக்கோணம்

சென்ட்ரலில் அரக்கோணம் மின்சார ரயில் கிளம்பும் முனையத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் பெயர். எரிந்துபோன சந்தை இருந்த இடம் அது. படகு வாங்கிய கடை எந்த நடைமேடைக்குக் கீழே போயிருக்கும் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். பெரம்பூர், கேரேஜ், லோகோ, வில்லிவாக்கம் என்று வழக்கமான நிலையங்கள் போயின. பத்திர நகலைப் பையில் வைத்திருந்தேன். எடுக்கத் தைரியம் வரும் என்று தோன்றவில்லை. அத்தைக்கு முன்னால் அதை நீட்டினால், கணக்குக் கேட்க வந்தவன் மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருந்தது.

அத்தை கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மாமா போய் ஆறு வருடம் ஆகிறது. மகன் ஓசூரில் இருக்கிறான். "வூட்ட எப்ப இடிக்கறாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். தை பிறந்ததும் என்றேன். அப்புறம் எனக்குத் தாங்கவில்லை, கேட்டுவிட்டேன். கத்தி நிற்கவில்லை. "ஒங்கப்பா இன்லண்டு லெட்டர் போட்டிருந்தாரு. ஞாயித்துக்கெழமயே வந்துடு, ஒரு வேல இருக்குன்னு. என்ன வேலன்னு எழுதல. அம்மாவுக்கு ஒடம்பு முடியலையோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு வந்தேன். வந்தப்புறம் சாப்பிடச்சொல்ல சொன்னாங்க, நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் போணும், ஒரு கையெழுத்துன்னு." நான் ஒன்றும் பேசவில்லை. "கேட்டிருந்தா போட்டுத்தான்டா குடுத்திருப்பேன். கேக்கணும்ல?" என்றார். மாமாவிடம் இரண்டு வருடம் சொல்லவில்லையாம். அந்த மூவாயிரத்தை அரிசி டப்பாவில் வைத்திருந்தாராம்.

"ஒன்ன ஏன் இஸ்கூலுக்கு அனுப்பாம கூட இட்டுனு போனேன் தெரியுமா? மடியில புள்ள இருந்தா அழுவ வராதுன்னு." ஆறு வயதுப் பையனை அந்தப் பெஞ்சில் மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்திருக்கிறார். பெருவிரல் மையைத் தலைமுடியிலேயே துடைத்துக்கொண்டாராம். படகு மூன்றேகால் ரூபாயாம், அந்தப் பணத்தில் முதல் செலவு அதுதானாம். மாடியில் ஏன் படுக்கவில்லை என்று கேட்டதற்கு மட்டும், "படி ரொம்ப ஒசரம்டா, சரியாவே கட்டல" என்றார்.

எனக்கு வரும் பங்கில் அத்தைக்கு என்ன செய்வது என்பதைப் பற்றி என் மனைவியோடும் சித்தப்பா மகனோடும் பேசிக்கொண்டிருக்கிறேன். சட்டப்படி ஒன்றும் இல்லையே என்கிறான் தம்பி. சட்டப்படி ஒன்றும் இல்லைதான். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. அன்று அத்தையிடம் நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. "ஏதோ கத எழுதறியாமே, என்னப் பத்திக்கூட இருக்காமே, படி கேப்போம்" என்றுதான் கேட்டார்.

கொத்தவரங்காய்ப் பொரியலும் ரசமும் சாப்பிட்டுவிட்டு, போனிலிருந்தே ஏழாவது அத்தியாயத்தைப் படித்தேன். எதையும் மாற்றாமல், பழையபடியே படித்தேன். ராகு காலம் வந்தபோது சிரித்தார். பச்சைக்கிளிகளைப் பற்றிக் கேட்டபோது, "ஆமா, ஒண்ணு ஒன் சட்டையக் கொத்திச்சு" என்றார். அது எனக்கு நினைவில்லாதது. தண்ணீர்த் தொட்டி வந்தது, ஆயா மூடியை எடுத்தார், படகு சுற்றியது, யாரும் யாரையும் திட்டவில்லை, தொட்டியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள், அத்தை சிரித்தார். போனைக் கீழே வைத்தேன்.

"நான் எங்கடா சிரிக்கறேன்?"

"தொட்டிக்குப் பக்கத்துல அத்தை. ஆயா பக்கத்துல நிக்கிறீங்க."

"இல்ல. அப்ப நான் கெளம்பிட்டேன். போட்டோ புடிச்சி ஒன்ன வூட்டுல வுட்டுட்டு, பைய எடுத்துக்கினு கெளம்பிட்டேன். நீ படகு வுட்டதெல்லாம் நான் பாக்கவேயில்ல."

"ஸ்டேஷனுக்கு யாரு வந்து விட்டாங்க?"

"யாரும் வரல. எல்லாரும் நீ படகு வுடறத பாத்துக்கினு இருந்திருப்பாங்க."

இரண்டு பேரும் சிறிது நேரம் பேசவில்லை. தெருவில் யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போனார்கள். அந்த அத்தியாயம் எங்கே முடிய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த இடத்தைப் பற்றி என்னிடம் ஒரு துரும்புகூட இல்லை. பெரம்பூர் ஸ்டேஷன், சாயங்காலம், கையில் பை, பெருவிரலில் போகாத மை. அதற்கு மேல் கற்பனை செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதனால் கேட்டேன்.

"எந்த வண்டியில போனீங்க அத்தை?"

"ஏழேகால் வண்டி" என்றார் அத்தை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உக்கார எடம் கெடச்சுது" என்றார்.